நீல வண்டியும் உப்பில்லாத சூப்பும்

மேஸா செகா, அரிசோனா
அக்டோபர் 19, 1986

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஓடீலுக்கு அண்ணன் ரொசேர் எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் சுகமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுவிட்டது. ஆனால் முட்டி வலி இங்கே வந்த மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனது. ஆரஞ்சுத் தோப்புக் காவல் வேலை. ஆரஞ்சு என்ன, எழுந்து ஓடியா போகப்போகிறது? தோப்பில் போன் கிடையாது. அதனால் கடிதம் ஒழுங்காகப் போடு.

என் நீல வண்டியை உன் கொட்டகையில் விட்டு வந்திருக்கிறேன். ஜார்ஜியா வரை போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய தெற்கத்தி வண்டி அது. பனிக்கால ரோட்டை அது கண்டதில்லை. முதல் பனி விழுந்த நாளிலிருந்து, வசந்தத்து மழை ரோட்டைக் கழுவி முடிக்கும் வரை அது கொட்டகையை விட்டு நகரக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும். பனி உருகுவதற்காக ஊர் ரோட்டுக்கெல்லாம் உப்புக் கொட்டுகிற லாரியை ஓட்டுவது உன் வீட்டுக்காரன். அந்த உப்பு தின்று துருப்பிடித்துத்தான் என் பழைய கார் போனது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் பூசைக்குக் கோயில் வாசலில் வந்து பிரேக்கை மிதித்தேன். கால் தரையில் இருந்தது. காரின் தரையில் இல்லை, கோயில் வாசல் தரையில்! ஊரே பார்த்துச் சிரித்தது. நியாயம் கேட்கப் போனால் உன் வீட்டுக்காரன் என்ன சொன்னான்? "வண்டி வேணுமா மச்சான், உசுரு வேணுமா?" அன்றோடு அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

ஜூனில் உங்கள் கல்யாண வெள்ளி விழாவுக்கு வரச் சொல்லி அழுதாய். சரி, வருகிறேன். அவன் இருக்கிற மேஜையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒரே நிபந்தனை, வண்டி விட்டது விட்டபடி இருக்க வேண்டும். ஒரு கல் உப்பு பட்டிருந்தாலும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். மாதா மேல் ஆணை.

இப்படிக்கு,
ரொசேர்


சான் மெடார், மெயின்
நவம்பர் 16, 1986

என் பாசமுள்ள அண்ணனுக்கு ஓடீல் எழுதிக்கொண்டது.

சேசுநாதர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முட்டிக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் ஓடிப்போயிருக்கிறது. வெயிலுக்கு எந்தப் பெருமையும் போகக் கூடாது.

முதல் பனி விழுந்துவிட்டது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி மாவு டப்பாவுக்குள். ப்ளோய் தோசை சுடும்போதெல்லாம் கை சாவியில் முட்டும், உங்கள் ஞாபகம் வரும்.

இவர் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தார். படிக்கக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். "உங்கண்ணன் வண்டிக்கு ஒரு முக்காடும் போட்டு விடு, காத்துப் பட்டா கூச்சப்படும்" என்றார். நான் முறைத்தேன். உடனே, "நான் அந்தப் பக்கமே போவல, போதுமா?" என்று லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, இருபத்தைந்து வருஷத்தில் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஒரு நாள் என் ஒரு பக்கம் இவரும் மறு பக்கம் நீங்களும் உட்கார வேண்டும். அம்மா அப்பா போன பிறகு எனக்கு உங்களை விட்டால் யார்? வண்டியை என் கண்ணைப் போல் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
ஓடீல்


மேஸா செகா
டிசம்பர் 14, 1986

தங்கை ஓடீலுக்கு,

நலம். கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பியிருக்கிறேன். அழுகியது இருந்தால் உன் வீட்டுக்காரனுக்குக் கொடு.

இந்த ஊர் அதிசயத்தை என்னவென்று சொல்வேன்! என் வயசுள்ள கார்கள் எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி தெருவில் நிற்கின்றன. நேற்று ஒரு பழைய காரின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கார்க்காரன் வந்து, "என்ன பெரியவரே, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றான். "ஆமாம்ப்பா, ஒரு காரைத் தொலைச்சேன்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

இங்கே நள்ளிரவுப் பூசைக்குக் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு போகலாமாம். பனி இல்லாமல் கிறிஸ்து பிறப்பு என்றால் மனசுக்கு ஒட்டமாட்டேன் என்கிறது. அதை விடு. வண்டி எப்படி இருக்கிறது?

ரொசேர்


சான் மெடார்
பிப்ரவரி 10, 1987

அன்புள்ள அண்ணாவுக்கு, ஓடீலின் வணக்கம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்கக் கூடாது. பனி அதிகம். பேனா மை உறைந்துவிட்டது. மை உருகியதும் தாள் கிடைக்கவில்லை. ஆரஞ்சு வந்தது, ஒன்று கூட அழுகவில்லை.

இங்கே எல்லோரும் சுகம்தான். இவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். லாரிக்குப் போவதில்லை, கொஞ்சம் ஓய்வு. சூப்பை உப்பில்லாமல் குடிக்கிறார். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் உப்புப் போட்ட மனுஷன் உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். நான் கேட்டு அல்ல, அவராகவே சொன்னார்.

அண்ணா, ஒரு சந்தேகம். வண்டி பழுது பார்க்கிற கிளோவிஸ் இருக்கிறானே, அவனுடைய சித்தப்பா மகன் ஒருத்தன் கேட்டான். அவனிடம் ஒரு நல்ல வண்டி இருக்கிறது. ஏதோ ஒரு அவசரத்தில், அவன் ஆசைப்பட்டு அல்ல, பனிக்காலத்தில் கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டான். கொஞ்சம் என்றால் பல தடவை. இப்போது அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துரு பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்கிறான், பாவம். இந்த விஷயத்தில் உங்களை விட்டால் யாருக்குத் தெரியும்?

உங்கள் வண்டி கொட்டகையில்தான் இருக்கிறது. இப்போது கூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஓடீல்


மேஸா செகா
பிப்ரவரி 24, 1987

ஓடீலுக்கு,

நலம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஒரு தரம் சிரிக்க, ஒரு தரம் யோசிக்க.

முதலில் சிரிப்பு. உப்புக்காரனுக்கு உப்பில்லாத சூப்பா! ஆகா, சர்வேசுரன் இருக்கிறார்! தோப்பில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், ஒரு கழுதை திரும்பிப் பார்த்தது. என் கார் பட்ட பாட்டை இப்போது அவன் நாக்கு படட்டும். சோம்பேறி, வேலைக்கும் போவதில்லையா? பனிக்காலத்தில் அப்படி என்ன ஓய்வு அவனுக்கு?

இனி யோசனை. கிளோவிஸுக்கு ஏது சித்தப்பா மகன்? அவன் அப்பா ஒற்றைப் பிள்ளையாயிற்றே!

இருந்தாலும் யாரோ ஒருவனின் வண்டி கெடக் கூடாது, சொல்கிறேன். வெந்நீரால் அடியை நன்றாகக் கழுவிக் காய வைக்கச் சொல். பிறகு அடி முழுக்க எண்ணெய் அடிக்க வேண்டும், மூலை முடுக்கு விடாமல். எண்ணெய் சொட்டச் சொட்ட மண் ரோட்டில் ஓட்ட வேண்டும். புழுதி போய் எண்ணெயில் அப்பிக்கொள்ளும், அதுதான் கவசம். நம் அப்பா செய்ததுதானே? எண்ணெய் மட்டும் போதாது, புழுதிதான் முக்கியம். இதை அந்த இல்லாத சித்தப்பா மகனிடம் அழுத்திச் சொல்.

என் வண்டியின் அடியை நீ குனிந்து பார்த்தாயா? ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதாது.

ரொசேர்


சான் மெடார்
மார்ச் 21, 1987

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தவக்காலம் நடக்கிறது, எல்லோரும் தேவ சித்தத்தால் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

கிளோவிஸுக்கு அந்தச் சித்தப்பா மகன் தாய் வழியாம். நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தான். ஆனால் மார்ச் மாதத்தில் புழுதிக்கு எங்கே போவது? மண் ரோடெல்லாம் பனிக்கு அடியில். புழுதிதான் முக்கியம் என்று நீங்கள் வேறு அழுத்தி எழுதிவிட்டீர்கள். அதனால் ப்ளோய் மாவைச் சலித்து அப்பிவிட்டான். பார்க்கப் புழுதி மாதிரியேதான் இருக்கிறது.

எண்ணெயும் கடையில் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தீயணைப்புக்காரர்கள் கூடத்தில் மீன் வறுக்கிறார்களே, அந்த மிச்ச எண்ணெயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவனுக்கு இடுப்பு வளையாது. அதனால் அவன் மனைவிதான் வண்டிக்கு அடியில் படுத்துப் பூசினாள். அவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த மூலையில இன்னும் கொஞ்சம், சக்கரத்துக்குப் பின்னால விட்டுட்டே" என்று மேற்பார்வை பார்த்தான். அவள் தலைமுடியில் இன்னும் மீன் வாடை போகவில்லை என்று கேள்வி.

ஒரே ஒரு தொந்தரவு. உப்பும் எண்ணெயும் மாவும் சேர்ந்த வாசனைக்கு ஒரு மூஸ் மான் தினமும் வந்து கொட்டகைக் கதவை நக்குகிறது. கதவில் பெயிண்ட் போய்விட்டது. மூஸ் மானுக்கு எது பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியுமா? அவன் கேட்கச் சொன்னான்.

ஓடீல்


மேஸா செகா
ஏப்ரல் 2, 1987

ஓடீல்!

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

கழுவி, எண்ணெய் பூசி, மாவில் புரட்டி வைத்திருக்கிறாயே, அது வண்டியா, மீன் வறுவலா? அதை அப்படியே அடுப்பில் ஏற்ற வேண்டியதுதானே பாக்கி! நான் மாங்காய் மடையன் என்று நினைத்தாயா? சான் மெடாரில் தினமும் நக்குவதற்கு மூஸ் மான் வருகிற கொட்டகை ஒன்றுதான். காட்டோரம் இருக்கிற உன் கொட்டகை!

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அது என் நீல வண்டிதானே? பனிக்காலத்தில் வெளியே எடுத்தாயா, இல்லையா? யார் எடுத்தது, உன் வீட்டுக்காரனா? லாரிக்குப் போகாமல் என் வண்டியில் ஊர் சுற்றினானா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. விருந்துக்கு எனக்கு நாற்காலி போட வேண்டாம். இல்லை என்றால் அதையும் எழுது. பூட்டு, சாவி, மாவு டப்பா என்று கதை எழுதாதே. உன்னை நம்பி விட்டு வந்தேன் ஓடீல். அவனை நம்பியல்ல, உன்னை.

ரொசேர்


மேஸா செகா
மே 3, 1987

ஓடீல்,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. அந்த மௌனமே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் ஊருக்கு வரவில்லை. வண்டியைக் கிளோவிஸிடம் கொடுத்துவிடு, வந்த விலைக்கு விற்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரொசேர்


சான் மெடார்
மே 11, 1987

ரொசேர் மச்சானுக்கு ஃபெர்னான் எழுதுவது.

நலமா? நான் இருக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லாரி ஓட்டியே கை மரத்துப் போய்விட்டது. உங்கள் தங்கைக்கு எழுதத் தெரியும், ஆனால் உண்மையைத் தவிர மற்றதெல்லாம் எழுதுகிறாள். அதற்கும் நான்தான் காரணம்.

ஜனவரியில் ஒரு காலை. முந்தின நாள் முழுக்க மழை, விழுந்த இடத்தில் உறைந்துவிட்டது. ரோடு முழுக்கக் கண்ணாடி. உப்புக் கிடங்குக்குக் கிளம்ப பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுப்பங்கரைத் தரையில் விழுந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் எங்கள் மேட்டில் ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. என் காரோ உங்களுக்கே தெரியும், அதுவும் உப்புத் தின்ற கார்தான். கிளம்பவில்லை.

உங்கள் தங்கை மாவு டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். நான் விழுந்து கிடந்தபடியே, "அடியே, உங்கண்ணன் வண்டி வேணாம்டி! அஞ்சு வருஷமா பேசாத மனுஷன், இனிமே சாவுக்குக் கூட வரமாட்டாரு" என்றேன். "யார் சாவுக்கு? வாயை மூடிக்கிட்டுக் கிடங்க" என்று என்னைப் போர்வையோடு இழுத்துக்கொண்டுபோய் உங்கள் வண்டியில் போட்டாள்.

மச்சான், அன்றைக்கு ரோட்டில் ஒரு கல் உப்பு கிடையாது. உப்புப் போடுகிறவன் உங்கள் வண்டியில்தானே படுத்திருந்தேன்! வண்டி பக்கவாட்டிலேயே போயிற்று. பாலத்தில் திரும்பி நின்றது, ஆற்றைப் பார்த்து. அவள் அழுதுகொண்டே, "மாதாவே, மாதாவே" என்று ஸ்டியரிங்கை ஒடித்தாள். உங்கள் வண்டி நல்ல வண்டி. திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நான் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அப்புறம் பக்கத்து ஊர்க்காரன் வந்து உப்பைக் கொட்டு கொட்டு என்று கொட்டிவிட்டான். அவனுக்குக் கைக் கணக்குத் தெரியாது. தினமும் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்து போனாள், வண்டி உப்பிலேயே குளித்தது. அதுதான் நடந்தது.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினது நான்தான். என் நெஞ்சுக்காக நீங்கள் இரக்கப்பட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்காரனாகவே இருந்து தொலையுங்கள், பரவாயில்லை. ஆனால் அவள் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அழுகிறாள். அதனால் சத்தியத்தை நானே முறித்துவிட்டேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள்.

இன்னொன்று. போன வாரம் ஒரு முள்ளம்பன்றி புகுந்து வண்டியின் பிரேக் குழாயைத் தின்றுவிட்டது. உப்பு, எண்ணெய், மாவு என்று நாம்தானே விருந்து வைத்தோம். புதுக் குழாய் போட்டாயிற்று.

ஃபெர்னான்


மேஸா செகா
மே 19, 1987

மாப்பிள்ளைக்கு,

சுகமா? உண்மையாகவே கேட்கிறேன், நெஞ்சு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உப்பில்லாத சூப் என்று அவள் எழுதியதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேனே, அந்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? அழுதேன் மாப்பிள்ளை. அதே கழுதை இதையும் பார்த்தது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கோபமாகவே கேட்கிறேன். அந்த ரோட்டில் ஏன் உப்பு இல்லை? ஊருக்கு ஒரே ஒரு உப்புக்காரனா? அவன் விழுந்தால் என் தங்கை பாலத்தில் ஆற்றைப் பார்த்து நிற்க வேண்டுமா? இது என்ன ஊர் நிர்வாகம்! ஒரு கல் கூடவா போட முடியவில்லை? என் வண்டி மேலேயே ஒரு மூட்டை கொட்டியிருக்கலாமே!

எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உப்பு கேட்டு ரொசேர்தான் எழுதியிருக்கிறேன், கையெழுத்து என்னுடையதுதான்.

வண்டியை விற்க வேண்டாம். நாற்காலி போடச் சொல்லுங்கள். ஓடீலின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் நீங்கள்.

உங்கள் மச்சான்,
ரொசேர்


சான் மெடார்
டிசம்பர் 12, 1987

அன்புத் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ரொசேர் எழுதுவது.

இங்கே நான் சுகம். அரிசோனா வெயிலில் மாப்பிள்ளையின் நெஞ்சும், என் தோப்பு வீட்டில் உன் சமையலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். கழுதைக்கு என் விசாரிப்பைச் சொல். குளிர்காலம் முடிகிற வரை அங்கேயே இருக்கச் சொன்ன டாக்டர் பேச்சை மீறி மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பினால் கயிற்றால் கட்டிப் போடு.

முட்டி வலி திரும்பி வந்துவிட்டது. இருந்தாலும் மாப்பிள்ளையின் உப்பு லாரியில் ஏறிவிட்டால் தெரிவதில்லை. மாப்பிள்ளை எழுதித் தந்தபடியே மேட்டுக்கும் பாலத்துக்கும் முதலில் போடுகிறேன். பாலத்தில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "என்ன ரொசேர், நீங்களே இப்படி இறங்கிட்டீங்க?" என்று கிளோவிஸ் கேட்டான். "உனக்கென்னடா, துருப்பிடிச்சா உன் கடைக்குத்தானே வரப்போறான்" என்றேன்.

நேற்று பெரிய ரகளை. பங்குச் சாமியாரின் காரிலிருந்து பம்பர் கழன்று விழுந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அங்கியோடு நடு ரோட்டில் வந்து என் லாரியை மறித்தார். "ரொசேர், இது உன் உப்பு பண்ண வேலை! பாரு, நல்லாப் பாரு!" என்று பம்பரை ஆட்டினார். நான் கண்ணாடியை இறக்கினேன். மாப்பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்துச் சொல்லவில்லை, தானாக வாயில் வந்துவிட்டது. "வண்டி வேணுமா சாமி, உசுரு வேணுமா?"

இன்று பூசையில் எனக்கு நற்கருணை கொடுக்கும்போது முறைத்தார். பேச்சை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. ஐந்து வருஷம் ஆகும் என்று நினைக்கிறேன், எனக்கு அனுபவம் உண்டு.

நீல வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய் ஓடீல். கிடங்குக்கு அதில்தான் போய்வருகிறேன், வேறு வண்டி ஏது? கதவுக்கு அடியில் காசு அளவு ஒரு துரு வந்திருக்கிறது. சுரண்டிப் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றான் கிளோவிஸ். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் மழை பிடித்திருக்கிறது, உறையப் போகிறது. கிளம்புகிறேன். ஒன்றே ஒன்று ஓடீல். ரோட்டுக்கு உப்பு நான் போட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் சூப்பில் நீ போடாதே.

உங்கள்,
ரொசேர்